மணிக்கட்டு வலி என்று சொன்னேன்

“எங்கே வலிக்குது அக்கா?” என்று இம்தியாஸ் பாய் கேட்டார்.

சாதாரணக் கேள்விதான். அல்சூர் ஏரிக்குப் போகும் தெருவில் அவருடைய சைக்கிள் கடை. ஒரு சனிக்கிழமை மாலை. செயின் எண்ணெயும் புது ரப்பரும் கலந்த வாசனை. கூரையிலிருந்து கொக்கிகளில் சைக்கிள்கள், கறிக்கடையில் தொங்குவது போலத் தொங்கிக்கொண்டிருந்தன. பாய் கையில் ஸ்பானரோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூன்று பேரும் ஆண்கள்.

எனக்கு வலித்தது உட்காரும் இடத்தில்.

நான் வலது கையை நீட்டி, “மணிக்கட்டு பாய்” என்றேன்.

இந்த ஒரு பொய் என்னை எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்த வாரக் கதை. நேரில் என்றால் உங்களிடமும் மணிக்கட்டு என்றுதான் சொல்லியிருப்பேன். எழுதும்போது எதிரில் யாரும் நிற்பதில்லை, அந்தத் தைரியம்தான்.

சைக்கிள் வந்த வழி

இரண்டு மூன்று வருடம் இருக்கும். வைட்ஃபீல்டுக்கு மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு, அது மட்டும் நிச்சயம்.

இந்தத் தொடரை இன்றுதான் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். மர்பி டவுனில் வீட்டு முன்ரூமில் பிளவுஸ் தைக்கிறேன். வீட்டுக்காரர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். ஒரே மகன், ஓசூரில் வேலை.

“சர்க்கரை எல்லையில நிக்குது, தினமும் நடங்க” என்று டாக்டர் சொன்னார். நடந்தேன். ஆனால் மர்பி டவுனில் நடந்தால் வழியில் நாலு பேர் நிறுத்திப் பேசுவார்கள். எனக்கு அதுதான் சர்க்கரையைவிடப் பெரிய வியாதி. சைக்கிளில் போகிறவளை யாரும் நிறுத்த முடியாதே என்று எனக்குத் தோன்றியது. அதை வாய்தவறி காயத்ரியிடம் சொல்லிவிட்டேன்.

காயத்ரி என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் பெண். மதுரைப் பக்கம். முதலில் ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்தாள், அப்புறம் வைட்ஃபீல்டு அபார்ட்மென்டுக்குப் போனாள். ஆனாலும் பிளவுஸுக்கு மட்டும் மெட்ரோ ஏறி என்னிடம்தான் வருவாள்.

“அக்கா, என் பழைய ரோடு பைக் சும்மாதான் நிக்குது. நான் புதுசு வாங்கிட்டேன், கார்பன், எடையே தெரியாது. நீங்க எடுத்துக்கோங்க. ரெண்டு பிளவுஸ் தைச்சுக் குடுங்க, போதும்.”

எவ்வளவு நல்ல பெண் என்று நினைத்தேன். இப்போதும் நல்ல பெண்தான். ஆனால் அந்தத் தானத்துக்குப் பின்னால் ஒரு விஷயம் இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது.

சைக்கிள் வந்தது. ஒல்லியான டயர், ஆட்டுக் கொம்பு போலக் கீழே வளைந்த ஹேண்டில். வீட்டுக்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

“ஓட்டுறவங்க தலையைக் குனிஞ்சேதான் ஓட்டணும் போல இருக்கே. உனக்குன்னே செஞ்சிருக்கான்.”

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அல்சூர் ஏரிக்கரையிலிருந்து காயத்ரியையும் சேர்த்து ஆறு பெண்கள் கிளம்புவோம். ஹொசகோட்டை வரை போய், இட்லி சாப்பிட்டுத் திரும்புவோம். நான் எப்போதும் கடைசியில்தான் போவேன். என்னால் வேகமாக ஓட்ட முடியாது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பின்னால் ஆள் இருந்தால் எனக்குக் கூச்சம், அதுதான் காரணம். தொளதொள பேன்ட் நானே தைத்தது. பஞ்சு வைத்த ஷார்ட்ஸை அதற்கு உள்ளே மறைத்துப் போட்டிருப்பேன்.

குளிர் காலத்தில் ஒரு நாள் நரசாபுரா வரை போய்த் திரும்பலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. மொத்தம் நூறு கிலோமீட்டர்.

அந்த எண் எனக்குப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் நான் நூறைப் பார்த்ததில்லை.

ஆனால் முப்பதாவது கிலோமீட்டரிலேயே சீட் தன் வேலையைக் காட்டிவிடும். நாற்பதில் நான் பெடல் மேல் எழுந்து நின்றுகொண்டே ஓட்டுவேன். “அக்காவுக்கு என்னா ஸ்டாமினா பாருங்க!” என்பார்கள். நான் சிரித்துவைப்பேன்.

இப்படியே போனால் நூறு நடக்காது. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை பாய் கடைக்குப் போனேன். போய், கையை நீட்டினேன்.

நாலு பிளவுஸ், பதினாலு பிளவுஸ்

நான் எந்த விலையையும் லைனிங் பிளவுஸ் கூலியில்தான் யோசிப்பேன். அப்படி யோசித்தால்தான் எனக்குப் பொருளின் எடை தெரியும்.

பாய் என் மணிக்கட்டை ரொம்ப அக்கறையாக விசாரித்தார். சைக்கிளில் உட்காரச் சொல்லி, தள்ளி நின்று பார்த்தார். “ஹேண்டில் தூரமா இருக்கு அக்கா. அதனால கையில வெயிட் விழுது” என்றார். ஹேண்டிலையும் சைக்கிளையும் இணைக்கும் துண்டுக்கு ஸ்டெம் என்று பெயராம். அதில் சின்னது ஒன்றைப் போட்டார். ஹேண்டிலுக்கு மெத்தென்று புது டேப் சுற்றினார். நாலு பிளவுஸ்.

இரண்டு வாரம் கழித்துக் கேட்டார். “மணிக்கட்டு எப்படி அக்கா?”

“சூப்பர் பாய்.”

பொய் இல்லை. மணிக்கட்டு அதற்கு முன்பும் சூப்பராகத்தான் இருந்தது.

“ஆனா… இடுப்புதான்” என்றேன்.

எவ்வளவு முன்னேற்றம் பாருங்கள். மணிக்கட்டிலிருந்து இடுப்புவரை வந்துவிட்டேன். இன்னும் அரை ஜாண்தான் பாக்கி. அந்த அரை ஜாணைத் தாண்ட என்னால் முடியவில்லை.

“ரோட்டு அதிர்வு மேல ஏறுது” என்றார் பாய். சீட்டைத் தாங்கும் கம்பியை எடுத்துவிட்டு கார்பனில் ஒன்று போடலாம் என்றார். பழையதையும் புதியதையும் ஒரு சின்னத் தராசில் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார். “பாருங்க, நூறு கிராம் கம்மி!” நான் ஆச்சரியப்பட்டேன். என் முதுகுப் பையில் இருந்த எலுமிச்சைச் சாத டப்பா அரைக் கிலோ.

கம்பியை மாற்றச் சீட்டைக் கழற்ற வேண்டும். கழற்றி என் கையிலேயே கொடுத்தார். “இதை ஸ்வல்ப நேரம் பிடிங்க அக்கா.”

பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை அழவைத்த பொருள் என் இரண்டு கைக்குள் இருக்கிறது. கடையில் அப்போது எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை. அந்த நேரத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தேன். அதே சீட்டைப் புதுக் கம்பியின் மேல் வைத்து, இன்னும் கெட்டியாக முடுக்கினார்.

பதினாலு பிளவுஸ். ஒரு பயனும் இல்லை.

அடுத்து, “தோள்” என்றேன். வலி மேலே ஏறுவதைப் பார்த்து பாய் குழம்பிவிட்டார். கொஞ்சம் அகலமான டயர் போட்டு, காற்றைக் குறைத்தார். பத்து பிளவுஸ். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த டயர் கொடுத்த காசுக்கு மேல் உழைத்தது. பழைய மெட்ராஸ் ரோட்டுக் குழிகளில் பல் ஆடுவது நின்றது. வலிக்கும் இடத்தில் மட்டும் வலித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் பாய் தலையைச் சொறிந்தார். “நான் விக்கறதுக்காகச் சொல்லலை அக்கா. எல்லாம் பண்ணியாச்சு. மீதி இருக்கறது வீல்தான். ஒருத்தர் கார்பன் வீல் செட்டு ஒண்ணு விக்கக் குடுத்திருக்காரு, நல்ல கண்டிஷன். உங்களுக்காக ஞாயித்துக்கிழமை வரைக்கும் எடுத்து வைக்கிறேன்.”

தொண்ணூறு பிளவுஸ்.

துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் வாங்க நான் இரண்டு தீபாவளியாகச் சேர்த்துவைத்த பணம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

மரமணி விரிப்பு

எங்கள் வீட்டுக்காரருக்கும் எனக்கும் இருக்கும் வித்தியாசத்தை இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவர் வேன் ஓட்டத் தொடங்கிய புதிதில் சீட் சூட்டில் அவருக்கும் இதே கதைதான். அவர் என்ன செய்தார்? டீக்கடையில் நின்று, “பின்னாடி அடுப்பு வெச்ச மாதிரி எரியுதுப்பா” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மரமணி கோத்த விரிப்பை ஒருவர் கொண்டுவந்தே கொடுத்தார். ஒரே நாளில் பிரச்சினை முடிந்தது. அடுத்த ஒரு மாதம், பார்க்கிறவர்கள் எல்லாம் அவரிடம் அந்த இடத்தைப் பற்றி நலம் விசாரித்தார்கள். அவரும் சந்தோஷமாகப் பதில் சொன்னார்.

அப்படிப்பட்டவர் வீல் விஷயத்தைக் கேட்டதும் சாப்பிடுவதை நிறுத்தினார்.

“பொண்ணு இல்லாத குறையை இந்த சைக்கிள்ல தீர்த்துக்கறியா? மாசாமாசம் ஒரு சீர். ஸ்டெம்மு, கம்பி, டயரு. இப்ப வளையலா?”

“வளையல் இல்லீங்க, வீல்.”

“ரெண்டும் வட்டம்தானே. சரி, எங்கதான் வலிக்குது உனக்கு?”

கல்யாணமாகி இருபத்து நாலு வருடம். நான் சொன்ன பதில்: “தோளு.”

அவர் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “உன் காசு, வாங்கு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு மாட்டிட்டு வந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறே. அது ஏன்னுதான் புரியலை.”

எனக்கு அது சுருக்கென்றது. நரசாபுராவுக்கு இன்னும் மூன்று ஞாயிறுதான் இருந்தது. ஓவர்லாக்கை விட்டுவிட்டு வீல் வாங்கவேண்டும். இல்லாவிட்டால் சைக்கிளைக் காயத்ரியிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. திருப்பிக் கொடுப்பது என்றே பாதி முடிவு செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை காயத்ரி பிளவுஸ் டிரையல் பார்க்க வருவதாக இருந்தது. அப்போதே சைக்கிள் விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

கை தூக்காத பிளவுஸ்

பச்சைப் பட்டு பிளவுஸ். அவள் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

“எப்படிம்மா இருக்கு?”

“சூப்பர் அக்கா.”

எனக்கு அந்தச் சொல் எங்கேயோ கேட்டது போல் இருந்தது.

“கையைத் தூக்கு பார்ப்போம்.”

“வேணாம் அக்கா, சரியாத்தான் இருக்கு.”

“தூக்கும்மா.”

தோள் உயரத்துக்கு மேல் கை போகவில்லை. போக்குவரத்து போலீஸ் வண்டியை நிறுத்துவது போல, அப்படியே நடுவில் நின்றது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தையல் விஷயத்தில் மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது. “கைக்குழி இவ்ளோ பிடிக்குது, சூப்பர்ங்கறே! எங்க பிடிக்குதுன்னு வாயைத் திறந்து சொன்னாத்தானே தைக்கிறவளுக்குத் தெரியும்? நான் என்ன உன் உடம்புக்குள்ளயா இருக்கேன்?”

காயத்ரியின் முகம் சிவந்தது. “போன மூணு பிளவுஸும் இப்படித்தான் அக்கா” என்றாள் மெல்ல. “நீங்க அவ்ளோ ஆசையா தைச்சுத் தந்தீங்க. எப்படிச் சொல்றதுன்னு கூச்சமா இருந்துச்சு. கல்யாண வீடுகள்ல அட்சதையை எல்லாம் கீழயே இருந்துதான் போடுவேன்.”

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வலித்தது. எழுந்துவிட்டேன்.

“என்னாச்சு அக்கா?”

அளவு நாடாவை விரலில் சுற்றினேன், அவிழ்த்தேன், மறுபடி சுற்றினேன். தரையைப் பார்த்துக்கொண்டு, “மணிக்கட்டு இல்லம்மா. இடுப்பும் இல்லை. சீட்டு. உட்கார முடியலை” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தால் காயத்ரி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அப்புறம் வெடித்துச் சிரித்தாள். பிளவுஸின் பக்கத் தையல் ஒன்று பட்டென்று விட்டது.

“ஐயோ அக்கா! அதனாலதானே அந்த சைக்கிளையே நான் உங்களுக்குக் குடுத்தேன்!”

“என்னது?”

“பாய்கிட்ட சொல்ல முடியலை. கழுத்து வலின்னு சொன்னேன். அவரு ஏதேதோ மாத்திப் பார்த்தாரு. கடைசியில புது சைக்கிளே வாங்கிட்டேன்.”

ஒரு சீட்டைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு முழு சைக்கிள். என் கணக்கில் அது எத்தனை பிளவுஸ் என்று போட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது.

“சரி, புதுசுல எப்படி?” என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அதுலயும் அதேதான் அக்கா.”

அட்டை

சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போனோம். யார் சொல்வது என்று வழியெல்லாம் சண்டை. “நீங்க பெரியவங்க” என்றாள். “நீ படிச்சவ” என்றேன். கடை வாசல் வந்ததும் அவளுக்குத் திடீரென்று போன் வந்தது. மணி அடித்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

உள்ளே பாய் அந்தக் கார்பன் வீலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கறுப்பாக, பளபளவென்று, உண்மையாகவே வளையல் மாதிரிதான் இருந்தது.

“வாங்க அக்கா. தோள் எப்படி? மாட்டிடலாமா?”

பின்னால் இரண்டு ஆட்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. கண்ணாடி முன்னால் பாதிக் கையைத் தூக்கி நின்ற காயத்ரியை நினைத்துக்கொண்டேன்.

“தோள் இல்லை பாய். எப்பவுமே தோள் இல்லை. உட்கார்ற இடம். சீட்டு சரியில்லை.”

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தெருவில் போன் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பாய் வீலைக் கீழே வைத்தார். “யா அல்லா. இதைச் சொல்லவா அக்கா ஆறு மாசம்?” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஆம்பளைங்க மட்டும் என்ன? வந்து முழங்கால்னு சொல்வானுங்க. என் கடைக்கு வர்ற முழங்கால்ல பாதி இதான்” என்றார். பின்னால் நின்றிருந்த இருவரில் ஒருவர் சட்டென்று கூரையில் தொங்கிய சைக்கிள்களை எண்ணத் தொடங்கினார்.

பாய் ஒரு பெட்டியிலிருந்து நெளிநெளியான அட்டையைக் கிழித்து, உள் அறை ஸ்டூல் மேல் வைத்தார். “இது மேல அழுத்தி உட்காருங்க. ரெண்டு எலும்பும் ரெண்டு குழி போடும். அந்தக் குழிங்களுக்கு நடுவுல எவ்ளோன்னு பார்த்து அதுக்குத் தக்க சீட்டு போடணும்.” சொல்லி முடித்ததும் அவருடைய காதும் சிவந்துவிட்டது. “நீங்களே அளந்துக்குங்க அக்கா. நான் போயி டீ சாப்ட்டு வர்றேன்.” அந்த இரண்டு ஆட்களையும் தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால், அட்டையில் இரண்டு குழி. பையிலிருந்து நாடாவை எடுத்தேன்.

மர்பி டவுனில் பாதிப் பெண்களின் அளவு என் நோட்டில் இருக்கிறது. ஒருத்திக்கு ஒரு பக்கம் தோள் இறங்கியிருப்பதுகூடத் தெரியும். என்னை நானே அளந்தது அன்றுதான்.

நாலே முக்கால் இஞ்ச். தைக்கும்போது லூஸ் விடுவது போல இதற்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டுமாம். நடுவில் பள்ளம் விட்ட, பின்பக்கம் அகலமான சீட் ஒன்றைப் பாய் எடுத்துக் கொடுத்தார். பார்க்க அழகே இல்லை.

ஆறு பிளவுஸ். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு.

வீலை அவர் மறுபடி மேலே கொக்கியில் மாட்டினார். ஓவர்லாக் இப்போது என் முன்ரூமில் ஓடிக்கொண்டிருக்கிறது. காயத்ரியின் நாலு பிளவுஸையும் பக்கம் பிரித்து அரை இஞ்ச் விட்டுக் கொடுத்தேன், கூலி வாங்காமல்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “என்கிட்ட சொல்லியிருந்தா மரமணி விரிப்பைக் கழட்டிக் குடுத்திருப்பேனே” என்றார். அடுத்த நாள் டீக்கடையில் என்னை நலம் விசாரித்தார்கள். அந்தத் தெருப்பக்கம் நான் பத்து நாள் போகவில்லை.

நரசாபுரா

நூறை முடித்தேன். ஆனால் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்பது பாதி வழியில் நடந்ததுதான்.

ஐம்பதாவது கிலோமீட்டர். நரசாபுராவில் ரோட்டோரக் கடை. பனி விலகி, கேழ்வரகு வயல் மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி டம்ளரில் காபி. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். உட்கார்வது இவ்வளவு நல்ல விஷயம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எங்கள் குழுவில் எல்லோருக்கும் முன்னால் போகிறவர் சுமா மேடம். பாங்க் அதிகாரி. விலை உயர்ந்த சைக்கிள். அவர் மட்டும் நாற்காலி பக்கமே வராமல், நின்றுகொண்டே காபி குடித்தார்.

“உட்காருங்க மேடம்” என்றாள் காயத்ரி.

“பர்வாகில்லா ரீ, நின்னுக்கறேன். கழுத்து ஸ்வல்ப பிடிச்சிருக்கு. ஹேண்டில் மாத்தலாம்னு இருக்கேன்.” அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

காயத்ரி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

அந்த இடத்தில் யாராவது வாயைத் திறந்து கேட்க வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. காயத்ரிக்குத் திடீரென்று போன் வந்துவிட்டது.

நான் எழுந்தேன். எலுமிச்சைச் சாத டப்பாவுக்குக் கீழே மடித்து வைத்திருந்ததை எடுத்துப் பிரித்து, சுமா மேடத்துக்கான காலி நாற்காலி மேல் போட்டேன்.

அட்டையில் இருந்த இரண்டு குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கழுத்திலிருந்து கையை எடுத்தார்.